நாய்க்கு ஏன் இத்தனை ஊசி? அறுவையின்போது உறக்க மருந்தும் வலிநிவாரணியும் ஏன் சேர்கின்றன

தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும்; ரேபிஸ் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் விலக்கு. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் இப்படி உத்தரவிட்ட பிறகு, கருத்தடை மையங்களுக்குள் என்ன நடக்கிறது என்று பலரும் கவனிக்கிறார்கள். அறுவை மேசைப் படங்களைப் பார்ப்பவர்கள் திகைப்பது ஒரு விஷயத்தில்: நாயின் கண் திறந்திருக்கிறது. அப்படியானால் மயக்கமே கொடுக்காமல் வெட்டுகிறார்களா?

வீட்டு நாயை அறுவைக்குக் கூட்டிப்போனவர்களுக்கு வேறொரு குழப்பம். ரசீதில் நான்கைந்து ஊசிகளின் பெயர் இருக்கிறது. ஒரு மயக்க ஊசி போதாதா, இத்தனையையும் ஒன்றாகக் கொடுத்தால் உயிருக்கு ஆபத்தில்லையா?

இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. உறங்குவதும் வலிக்காமல் இருப்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாடு பிடிபட்டால் ஊசிகளின் கணக்கும் பிடிபடும், எந்த ஊசி விடுபட்டிருக்கிறது என்றும் கேட்க முடியும்.

## உறக்கம் வேறு, வலியின்மை வேறு

நல்ல மயக்கநிலை என்பதில் நான்கு காரியங்கள் அடங்கும்.

1. நாய்க்கு நினைவு இருக்கக் கூடாது.
2. வலிச் செய்தி தடுக்கப்பட வேண்டும்.
3. தசைகள் தளர்ந்திருக்க வேண்டும்.
4. இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு ஆகியவை அறுவையின் அதிர்ச்சியால் நிலைகுலையக் கூடாது.

இந்த நான்கையும் பாதுகாப்பாகச் செய்யும் ஒற்றை மருந்து இதுவரை இல்லை. ஒரே மருந்தை நிறையக் கொடுத்து நான்கையும் அடைய முயன்றால், அந்த மருந்தின் பக்கவிளைவும் அதே அளவுக்குப் பெருகும். அதனால்தான் பல மருந்துகளைச் சிறிய அளவுகளில் சேர்க்கிறார்கள். மனித மருத்துவத்தில் இதற்குச் 'சமச்சீர் மயக்கம்' என்று 1926-இல் பெயர் வைத்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஜான் லண்டி. கால்நடை மருத்துவமும் அந்த வழியில்தான் போகிறது.

வலி பயணிக்கும் பாதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தோலில் கத்தி படும்போது நரம்பு நுனிகள் தூண்டப்படுகின்றன. செய்தி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகிறது. தண்டுவடம் அதைக் கூட்டியோ குறைத்தோ மூளைக்கு அனுப்புகிறது. மூளைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது 'வலிக்கிறது' என்ற உணர்வாகிறது. உறக்க மருந்து அடைப்பது இந்தக் கடைசிக் கதவை மட்டும். முதல் மூன்று கட்டங்களும் நாய் ஆழ்ந்து உறங்கும்போதும் நடந்துகொண்டே இருக்கும்.

கருப்பையும் சூலகமும் அகற்றும் அறுவையில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். சூலகத்தைப் பிடித்திருக்கும் தசைநாரை இழுத்து அறுக்கும் கட்டம்தான் அந்த அறுவையிலேயே மிகக் கடுமையானது. வலிநீக்கம் போதாத நாய்க்கு அந்த நொடியில் இதயம் வேகமெடுக்கும், ரத்த அழுத்தம் ஏறும், மூச்சு வாங்கும். நாய் அசையாது, முனகாது. ஆனாலும் உடல் வலிக்குப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

இதன் விளைவு அறுவையோடு முடிவதில்லை. தொடர்ந்து வரும் வலிச் செய்திகள் தண்டுவட நரம்பணுக்களையே மாற்றி, சிறு தூண்டலுக்கும் பெரிதாக எதிர்வினை காட்ட வைக்கும் என்பதை 1983-இல் நரம்பியல் ஆய்வாளர் கிளிஃபோர்ட் வூல்ஃப் காட்டினார். அப்படிக் கூர்மையேறிய தண்டுவடத்தோடு விழிக்கும் நாய்க்குக் காயம் இருக்க வேண்டியதைவிட அதிகமாக வலிக்கும். அப்போது கொடுக்கும் மருந்தும் சரியாகக் கேட்காது. கத்தி வைப்பதற்கு முன்பே வலிநிவாரணி உடலில் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

## எந்த மருந்து எதைச் செய்கிறது

ரசீதில் காணும் பெயர்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

1. ஆல்ஃபா-2 வகை: சைலசின், மெடிடோமிடின், டெக்ஸ்மெடிடோமிடின். இந்தியக் கால்நடை மருத்துவமனைகளில் மிகவும் பழகிய பெயர் சைலசின். ஜெர்மனியின் பேயர் நிறுவனம் 1962-இல் உருவாக்கிய மருந்து இது. மூளையில் நார்அட்ரினலின் சுரப்பதைக் குறைத்து உறக்கம் தருகிறது, தண்டுவடத்தில் வலியைக் குறைக்கிறது, தசையையும் தளர்த்துகிறது. ஒரே ஊசியில் மூன்று வேலை என்பதால் இதற்கு இவ்வளவு செல்வாக்கு.

விலையும் உண்டு. முதலில் ரத்தக்குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும். அதற்குப் பதிலாக இதயம் மெதுவாகும், சில நேரம் துடிப்புகளே விட்டுவிட்டு வரும். சைலசின் போட்ட நாய் வாந்தி எடுப்பது மிகச் சாதாரணம். ரத்தச் சர்க்கரை ஏறும், சிறுநீர் அதிகமாகும். ஈறு வெளுத்துத் தெரியும். குழாய்கள் சுருங்கியிருப்பதால் நாக்கில் மாட்டும் ஆக்சிஜன் அளவியும் சில நேரம் தவறாகக் காட்டும்.

இந்த வகையின் பெரிய வசதி, விளைவை முறிக்கும் மருந்து இருப்பது. சைலசினுக்கு யோஹிம்பின், டெக்ஸ்மெடிடோமிடினுக்கு அட்டிபமசோல்.

2. அமைதியூட்டிகள்: அசிப்ரோமசின், ட்ரைஃப்ளூப்ரோமசின். நாய் அமைதியாகும். வலி துளியும் குறையாது. ரத்தக்குழாய்கள் விரிவதால் அழுத்தம் இறங்கும். முறிமருந்து கிடையாது.

3. டயசிபாம், மிடாசோலம். தசைத் தளர்வுக்கும் வலிப்பைத் தடுப்பதற்கும் நல்லவை. இதயத்தை அதிகம் தொந்தரவு செய்யாதவை. வலிநீக்கம் இல்லை. ஆரோக்கியமான இளம் நாய்க்குத் தனியாகக் கொடுத்தால் அமைதிக்குப் பதில் பதற்றம் கிளம்புவதும் உண்டு. முறிமருந்து ஃப்ளூமசெனில்.

4. ஓபியாய்டுகள் (அபின் வகை வலிநிவாரணிகள்): மார்ஃபின், மெதடோன், ஃபென்டனில், ப்யூப்ரினார்ஃபின், ப்யூட்டார்ஃபனால். கடுமையான வலிக்கு நம்பகமானவை இவைதான். ஆனால் எல்லாம் ஒரே வலிமை கொண்டவை அல்ல. ப்யூட்டார்ஃபனால் மிதமான வலியை ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ப்யூப்ரினார்ஃபின் ஆறு முதல் எட்டு மணி நேரம் நிற்கும். முறிமருந்து நலாக்சோன்.

5. கெட்டமின். இதைப் பற்றி அடுத்து விரிவாக.

6. மரத்துப்போகச் செய்பவை: லிக்னோகெய்ன், பூபிவகெய்ன். நரம்பு வழியாகச் செய்தி போவதையே நிறுத்துபவை. மற்ற எந்த மருந்தும் வலியைக் குறைக்கத்தான் செய்யும். இவை போட்ட இடத்தில் வலியை அடைத்தே விடுகின்றன. லிக்னோகெய்ன் சில நிமிடங்களில் வேலை செய்து ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். பூபிவகெய்ன் தாமதமாகத் தொடங்கினாலும் நான்கைந்து மணி நேரம் தாங்கும். அளவு மீறினால் நரம்பு மண்டலத்துக்கும் இதயத்துக்கும் நஞ்சாகும் என்பதால் உடல் எடைக்குக் கணக்கிட்டே போட வேண்டும்.

7. வீக்கம் தணிக்கும் வலிநிவாரணிகள்: மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென். அறுவைக்குப் பிந்தைய நாட்களுக்கு இவையே முதுகெலும்பு. சிறுநீரகக் கோளாறு, உடலில் நீர்வற்றல் உள்ள நாய்க்கும், ஸ்டீராய்டு எடுக்கும் நாய்க்கும் கூடாது.

## கண் திறந்திருப்பது ஏன்

கெட்டமின் 1962-இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காக கால்வின் ஸ்டீவன்ஸ் உருவாக்கிய மருந்து. மற்ற மயக்க மருந்துகள் மூளை முழுவதையும் அமிழ்த்துகின்றன. கெட்டமின் மூளையின் பகுதிகளுக்கு இடையே உள்ள தொடர்பைத் துண்டிக்கிறது. கண் திறந்தே இருக்கும், விழி அசையும், எச்சில் ஊறும், தொண்டையின் விழுங்கும் இயக்கமும் ஓரளவு மிஞ்சும். ஆனால் வெளியுலகம் நாய்க்கு எட்டுவதில்லை.

ஆகவே, திறந்த கண்ணை மட்டும் வைத்து 'மயக்கம் இல்லை' என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், மூடிய கண்ணை வைத்து 'வலி இல்லை' என்றும் சொல்லிவிட முடியாது. பார்க்க வேண்டியது இதயத் துடிப்பும் மூச்சும் தாடைத் தசையின் இறுக்கமும்தான். இமைக்காத கண் உலர்ந்து புண்ணாகும் என்பதால் அதில் களிம்பு இடப்பட்டிருக்கிறதா என்பது மையத்தின் அக்கறைக்கு நல்ல அடையாளம்.

கெட்டமினைத் தனியாக நாய்க்குக் கொடுப்பதில்லை. தசைகள் விறைக்கும், வலிப்பு வரலாம், விழிக்கும்போது அலறலும் துள்ளலுமாக இருக்கும். சைலசினோ டயசிபாமோ சேர்ந்தால் அந்த விறைப்பு அடங்கும். சைலசின் இதயத்தை மெதுவாக்குகிறது. கெட்டமின் அதை முடுக்குகிறது. ஒன்றின் குறையை மற்றொன்று ஓரளவு ஈடுசெய்வதால்தான் சைலசின்–கெட்டமின் ஜோடி நாடெங்கும் கருத்தடை முகாம்களின் வழக்கமான மயக்கமாக நிலைத்துவிட்டது. வாயு இயந்திரம் வேண்டாம், ஊசி போதும், செலவும் குறைவு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கெட்டமின் தண்டுவடத்தின் கூர்மையேற்றத்தைத் தடுக்கிறது. தோல், தசை வலிக்கு நன்றாகவே உதவுகிறது. உள்ளுறுப்பு இழுபடும் வலிக்கு அது அத்தனை வலுவானதல்ல. இந்த ஜோடி தரும் அறுவைத்தரமான மயக்கமும் அரைமணி நேரத்தை ஒட்டித்தான். பெண் நாயின் கருத்தடைக்கு இந்த இரண்டை மட்டும் கொடுத்து, வேறு வலிநிவாரணி எதுவும் தராமல் விடுவது போதாது. நாய் அசையாமல் கிடந்தது என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

## சேர்ப்பதால் கிடைக்கும் லாபம்

உறக்க மருந்தையும் வலிநிவாரணியையும் வேண்டுமென்றே ஜோடி சேர்க்கும் முறை 1950களின் இறுதியில் பெல்ஜியத்தில் உருவானது. அங்கே பால் ஜான்சனின் ஆய்வகத்திலிருந்து ஃபென்டனில் வந்தபோது, அதோடு ஓர் அமைதியூட்டியைச் சேர்த்தால் நோயாளி அமைதியாகவும் வலியின்றியும் இருப்பது தெரிந்தது. நாய்களுக்கும் இந்த ஜோடி கலவை ஊசியாகவே விற்கப்பட்டது.

ஓபியாய்டும் ஆல்ஃபா-2 மருந்தும் தண்டுவடத்தில் வெவ்வேறு ஏற்பிகளை (நரம்பணுவில் மருந்து ஒட்டும் இடங்களை) பிடித்தாலும், நரம்பணுவுக்குள் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றே. அதனால் இரண்டையும் சேர்க்கும்போது விளைவு வெறும் கூட்டலாக இல்லாமல் அதற்கு மேலும் போகிறது. இரண்டின் அளவையும் குறைக்க முடிகிறது.

கையாள்பவர்களுக்கு இதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. சைலசின் மட்டும் போட்ட நாய் கிடப்பதைப் பார்த்து அருகில் போனால், ஒரு சத்தத்திலோ தொடுதலிலோ சட்டென விழித்துக் கடித்துவிடலாம். ப்யூட்டார்ஃபனால் போன்ற ஒன்று சேரும்போது அந்தத் திடீர் விழிப்பு வெகுவாகக் குறைகிறது. ரேபிஸ் உள்ள நாட்டில் இது சிறிய விஷயமல்ல.

வாயு மயக்கம் கொடுக்கும் மருத்துவமனைகளில் லாபத்தை எண்ணிலேயே காட்டலாம். பாதி நாய்கள் வலித் தூண்டலுக்கு அசையாமல் இருக்க ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயு ஏறத்தாழ 1.3% தேவைப்படும். மார்ஃபின், லிக்னோகெய்ன், கெட்டமின் மூன்றையும் சொட்டு சொட்டாக ரத்தக்குழாயில் ஏற்றினால் இந்தத் தேவை ஏறத்தாழ 45% குறைவதாக ஆய்வு காட்டியிருக்கிறது. ஐசோஃப்ளூரேன் கூடக் கூட ரத்த அழுத்தம் சரியும் என்பதால், வாயு குறைவது சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் நேரடி நன்மை.

## கூட்டும்போது கூடும் ஆபத்து

மருந்துகள் சேரும்போது பக்கவிளைவுகளும் சேர்கின்றன.

முதலாவது, மூச்சு. உறக்க மருந்தும் ஓபியாய்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். தட்டை மூக்குள்ள பக், புல்டாக் வகைகளுக்கு, மயக்கத்துக்கு முன் அமைதிப்படுத்தப் போடும் ஊசி ஏறிய நிமிடத்திலிருந்தே ஆபத்து தொடங்குகிறது. தொண்டைத் தசை தளர்ந்ததும் அவற்றின் குறுகிய காற்றுப்பாதை அடைபடலாம். ஊசி போட்டுவிட்டுக் கூண்டில் விட்டு நகரக் கூடாது. மூச்சுக்குழாயில் செலுத்தும் குழாய் கையருகே இருக்க வேண்டும்.

இரண்டாவது, அட்ரோபின். சைலசின் இதயத்தை மெதுவாக்குகிறது என்பதால், துடிப்பைக் கூட்டும் அட்ரோபினைச் சேர்த்துப் போடுவது பல இடங்களில் வழக்கம். ஆனால் இதயம் மெதுவாவது, சுருங்கிய ரத்தக்குழாய்களுக்கு உடல் தரும் பதில். குழாய்கள் சுருங்கியிருக்கும்போதே இதயத்தை விரட்டினால் அழுத்தம் மேலும் ஏறி இதயத்தின் சுமை கூடும். எல்லா நாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு போடாமல், துடிப்போடு அழுத்தமும் இறங்கியிருக்கும்போது மட்டும் கொடுப்பதே நியாயம்.

மூன்றாவது, ஒன்றையொன்று தடுக்கும் மருந்துகள். ப்யூட்டார்ஃபனால் கொடுத்த சிறிது நேரத்தில் வலி அதிகமாக இருக்கிறதென்று மார்ஃபின் கொடுத்தால், மார்ஃபின் போய் உட்கார வேண்டிய ஏற்பியை ப்யூட்டார்ஃபனால் ஏற்கெனவே பிடித்திருக்கும். வலுவான மருந்து கொடுத்தும் பலன் கிடைக்காது.

நான்காவது, முறிமருந்து. இதுதான் வெளியே தெரியாமல் நடக்கும் தீங்கு. அட்டிபமசோலோ யோஹிம்பினோ போட்டால் நாய் சில நிமிடங்களில் எழுந்து நிற்கும், பார்ப்பவருக்கு நிம்மதி. ஆனால் அந்த ஊசி உறக்கத்தோடு ஆல்ஃபா-2 மருந்து தந்த வலிநீக்கத்தையும் சேர்த்தே அழிக்கிறது. வேறு வலிநிவாரணி உடலில் இல்லையென்றால், அறுபட்ட வயிற்றோடு முழு விழிப்புக்கு வருகிறது அந்த நாய். தவிர, கெட்டமின் இன்னும் ரத்தத்தில் இருக்கும்போது சைலசினை மட்டும் முறித்தால், அடக்கி வைத்திருந்த விறைப்பும் துள்ளலும் வெளிப்படும். கெட்டமின் கொடுத்து அரைமணி நேரத்துக்கு மேல் ஆன பிறகே முறிமருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஐந்தாவது, இனமும் உடல்நிலையும். கோலி வகை நாய்கள் பலவற்றில் ஒரு மரபணு மாற்றம் உண்டு. மூளைக்குள் நுழையும் சில மருந்துகளை வெளியே தள்ளும் புரதம் அவற்றில் வேலை செய்யாது. ப்யூட்டார்ஃபனாலும் அசிப்ரோமசினும் அவற்றை வெகு நேரம் ஆழ்த்திவிடும். கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களில் தயோபென்டால் போன்ற மயக்க மருந்துகள் மெதுவாகவே நீங்கும். இதய நோய் உள்ள நாய்க்கு ஆல்ஃபா-2 வகையே பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. தெருநாய்க்கு முன்வரலாறு எதுவும் கிடையாது. ரத்தச்சோகை, உண்ணிக் காய்ச்சல், கருவுற்றிருத்தல் எதையும் சொல்ல ஆள் இல்லை. எடை போட்டுப் பார்க்காமல் கண்ணளவில் மருந்தேற்றுவது அதனால்தான் மிக ஆபத்தானது.

## முதல் மூன்று மணி நேரம்

பிரிட்டனில் 2002–2004 காலத்தில் மயக்கம் கொடுக்கப்பட்ட 98,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய ஆய்வு ஒன்று உண்டு. மயக்கம் தொடர்பான இறப்பு மொத்தத்தில் 0.17%; ஆரோக்கியமான நாய்களில் 0.05%, நோயுற்ற நாய்களில் 1.33%. இந்த இறப்புகளில் பாதியை ஒட்டிய அளவு, அதாவது 47%, அறுவை முடிந்த பிறகே நடந்தது. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள்.

மேசையில் இருக்கும்வரை எல்லோர் கண்ணும் நாயின் மேல் இருக்கிறது. தையல் முடிந்து கூண்டுக்குப் போனதும் அடுத்த நாய்க்குக் கவனம் மாறிவிடுகிறது. அந்த நேரத்தில்தான் மூச்சுப்பாதை அடைபடும், உடல் குளிர்ந்து மருந்து நீங்குவது தாமதமாகும், உள்ளே ரத்தம் கசியலாம். விழிக்கும் நாயைக் காய்ந்த துணியில் கிடத்தி, உடல் சூட்டைப் பார்த்து, தலை தூக்கி மார்பின் மேல் படுக்கும்வரை ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

வலியையும் இந்நேரத்தில் அளக்கலாம். கிளாஸ்கோ வலி அளவுகோல் என்ற படிவத்தில் முனகல், காயத்தைத் திரும்பிப் பார்ப்பது, நடை, காயத்தைச் சுற்றி அழுத்தும்போது காட்டும் எதிர்வினை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 24-க்கு 6 எட்டினால் கூடுதல் வலிநிவாரணி வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் சில நிமிடங்களில் முடிப்பார்.

## அழைத்துச் செல்பவர் கேட்க வேண்டியவை

1. கத்தி வைக்கும் முன் என்ன வலிநிவாரணி கொடுக்கப்படும்? சைலசினும் கெட்டமினும் மட்டுமே என்றால், வேறென்ன சேர்க்க முடியும்?
2. வெட்டும் இடத்தில் மரத்துப்போகும் ஊசி போடப்படுமா?
3. முறிமருந்து கொடுத்தால், அதன் பிறகு வலிக்கு உடலில் எது மிஞ்சியிருக்கும்?
4. விழிக்கும்வரை யார் பார்த்துக்கொள்வார்?
5. வீட்டுக்கு எத்தனை நாள் மாத்திரை?

எத்தனை மணி நேரம் பட்டினி போட வேண்டும் என்று மருத்துவர் சொல்வதை அப்படியே பின்பற்ற வேண்டும். சைலசினால் வரும் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரும். ஏற்கெனவே கொடுக்கும் மருந்துகள் அனைத்தையும், குறிப்பாக ஸ்டீராய்டையும் வலிப்பு மாத்திரையையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. இரைப்பையில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். டிரமடால் மாத்திரையை மட்டும் நம்புவதும் சரியல்ல. மனித உடல் டிரமடாலை வலுவான வலிநிவாரணியாக மாற்றிக்கொள்கிறது. நாயின் உடலில் அந்த மாற்றம் மிகக் குறைவாகவே நடக்கிறது.

## முகாம்களில் எது சாத்தியம்

மார்ஃபினும் ஃபென்டனிலும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. உரிமம், பதிவேடு, பூட்டிய அலமாரி எல்லாம் வேண்டும் என்பதால் சிறிய மையங்கள் அவற்றை வாங்கவே தயங்குகின்றன. வலிநீக்கம் விடுபட்டுப்போவதற்கு இது ஓர் உண்மையான காரணம். ஆனால் லிக்னோகெய்னுக்கும் மெலாக்சிகாமுக்கும் அந்தத் தடை இல்லை. ஆண் நாய்க்கு விதையில் லிக்னோகெய்ன், பெண் நாய்க்கு வெட்டும் கோட்டிலும் சூலகத் தசைநாரிலும் லிக்னோகெய்ன், அந்த மருந்து கூடாத நிலை இல்லாத நாய்க்கு மெலாக்சிகாம் ஊசி: இவ்வளவையும் ஒரு நாளைக்குப் பல அறுவைகள் செய்யும் மையத்திலும் செய்துவிட முடியும். அதற்கு ஆகும் கூடுதல் நேரம் ஒரு நாய்க்குச் சில நிமிடங்கள்.

விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இல் திருத்தி எழுதப்பட்ட பிறகு மையங்களுக்கான அங்கீகாரமும் பதிவேடுகளும் முன்பைவிடக் கறாராகியுள்ளன. அந்தப் பதிவேட்டில் நாயின் எடை, கொடுத்த ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, நேரம், விழித்த பிறகு வலி மதிப்பெண் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் இருக்கிறதா என்று மாநகராட்சியின் ஆய்வாளரும், மையத்துக்கு நன்கொடை தருபவரும் பார்க்கலாம். வலிநிவாரணிக்கான கட்டம் நாய்க்கு நாய் காலியாக இருந்தால், கேள்வியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.